சமூக ஊடக வருமானமும் வருமான வரியும்



வரி என்றதும் சுங்கம், கடைச் சிட்டை, பெரிய கம்பனிகள் என்பனவே நினைவுக்கு வரும். ஆனால் இன்று உங்கள் ஒழுங்கையிலேயே யூரியூப் அலைவரிசை நடத்தும் ஒருவர் இருக்கக்கூடும். சமையல், பாடல், பயணம், கணித விளக்கம் எனக் காணொளிகளைப் பதிவேற்றிப் பலர் வருமானம் பெறுகின்றனர். உங்கள் அண்ணாவோ அக்காவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம். நாளை நீங்களும் அவ்வாறு உழைக்கலாம்.

இவ்வருமானம் பற்றி இரண்டு பிழையான எண்ணங்கள் பரவியுள்ளன. “இது தொழில் அல்ல, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், ஆகவே வரி இல்லை” என்பது ஒன்று. “யூரியூப்பில் ஒரு ரூபா வந்தாலும் 15% போய்விடும்” என்பது மற்றொன்று. முதலாவதை நம்பியவர் பின்னர் தண்டப்பணம் கட்ட நேரிடும். இரண்டாவதை நம்பியவர் வீணாகப் பயந்து, வருமானத்தை மறைக்கவோ முயற்சியைக் கைவிடவோ கூடும். சரியான நிலையை ஒழுங்காக நோக்குவோம்.

1. வரி என்றால் என்ன?

அரசாங்கம் தனது பொதுச் செலவுகளுக்காக, நேரடியான பிரதியுபகாரம் எதுவுமின்றி, சட்டத்தின் மூலம் கட்டாயமாக அறவிடும் பணமே வரி ஆகும். இவ்வரைவிலக்கணத்தில் மூன்று சொற்கள் முக்கியமானவை. அவை சட்டம், கட்டாயம், பொதுச் செலவு என்பனவாகும்.

இலங்கை அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரையின்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த அதிகாரசபையும் வரி விதிக்க முடியாது.

வரிகள் இருவகைப்படும்.

(அ) நேர் வரி: யார்மீது விதிக்கப்படுகின்றதோ அவரே அதன் சுமையையும் தாங்குவார். உதாரணம்: வருமான வரி.
(ஆ) நேரில் வரி: வியாபாரி அரசுக்குச் செலுத்தினாலும் சுமை நுகர்வோர்மீது மாற்றப்படும். உதாரணம்: பெறுமதி சேர் வரி.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆகும். வரியை அறவிடும் நிறுவனம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஆகும்.

2. சமூக ஊடகத்தில் வருமானம் வரும் வழிகள்

(அ) விளம்பரப் பங்கு: காணொளியின் இடையே தோன்றும் விளம்பரத்துக்கு விளம்பரதாரர் பணம் செலுத்துகின்றார். அதில் ஒரு பங்கை நிறுவனம் அலைவரிசை உரிமையாளருக்கு வழங்குகின்றது. யூரியூப்பில் விளம்பரப் பங்கு பெறுவதற்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பார்வை நேரம், அல்லது 90 நாட்களில் குறுங்காணொளிகளுக்கு ஒரு கோடி பார்வைகள் வேண்டும்.

(ஆ) அனுசரணை: உள்ளூர்ப் புடைவைக் கடையோ உணவகமோ தன்னைப் பற்றிக் காணொளி செய்யும்படி கேட்டுப் பணம் கொடுப்பது.

(இ) பொருளாகக் கிடைப்பது: பணத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி, உடை, இலவச விடுதித் தங்கல் என்பன கொடுக்கப்படுவது. “பணம் வாங்கவில்லையே” என்று கூறித் தப்ப முடியாது. வேலைக்குக் கைம்மாறாகக் கிடைத்த பொருளின் சந்தைப் பெறுமதியும் வருமானமே ஆகும்.

(ஈ) சொந்தப் பொருள் விற்பனை: முகநூலில் மிளகாய்த்தூள், கேக், தைத்த உடைகள் என்பவற்றை விற்பது. இங்கு சமூக ஊடகம் கடைத்தெருவின் இடத்தைப் பிடித்துள்ளது. விற்பனை இலாபம் வழமையான வியாபார இலாபமே ஆகும்.

கவனத்திற் கொள்க: வறிய குடும்பங்களைக் காணொளியிற் காட்டி, புலம்பெயர்ந்தோரிடமிருந்து உதவிப் பணம் பெற்றுக் கொடுப்போரும் உள்ளனர். அந்தக் குடும்பத்துக்கென வந்த பணத்தையும் காணொளிக்கான விளம்பர வருமானத்தையும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் எது தனது உழைப்பு, எது பிறருடைய பணம் என்று பின்னர் காட்டுவது கடினம். தனிக் கணக்கு, கொடுத்த திகதி, பெற்றவரின் கையொப்பம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

3. இது எவ்வகை வருமானம்?

சட்டம் வருமானத்தை நான்கு மூலங்களாகப் பிரிக்கின்றது.

(1) தொழில் வருமானம்: சம்பளம், படிகள்
(2) வியாபார வருமானம்: வர்த்தகம், உயர்தொழில், சுயதொழில்
(3) முதலீட்டு வருமானம்: வட்டி, வாடகை, பங்கிலாபம்
(4) ஏனைய வருமானம்

தொடர்ச்சியாகக் காணொளி செய்து பணம் உழைப்பவர் எவரிடமும் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. தானே நேரத்தையும் பணத்தையும் இட்டு, இலாபநோக்கில் இயங்குகின்றார். ஆகவே அவரது வருமானம் பொதுவாக வியாபார வருமானம் என்ற வகையில் அடங்கும். சந்தையில் மரக்கறி விற்பவருக்கும் தையல் இயந்திரம் வைத்திருப்பவருக்கும் பொருந்தும் அடிப்படை விதி இவருக்கும் பொருந்தும். பணம் திரை மூலம் வந்தது என்பதற்காக அதன் தன்மை மாறுவதில்லை.

4. வரியற்ற எல்லையும் வரி வீதங்களும்

வருமான வரி ஓர் ஆண்டின் மொத்த வருமானத்தின் மீது கணிக்கப்படும். இந்த ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடிவடையும். இதனை வரி மதிப்பீட்டு ஆண்டு என்பர்.

இலங்கையில் வதியும் ஒருவருக்கு முதலில் தனிநபர் நிவாரணம் கழிக்கப்படும். 2025 ஏப்ரல் 1 முதல் இது ஆண்டுக்கு 1,800,000 ரூபா, அதாவது மாதத்துக்குச் சராசரியாக 150,000 ரூபா ஆகும். இதற்கு முன்னர், 2023 ஜனவரியிலிருந்து, இது 1,200,000 ரூபாவாக இருந்தது.

நிவாரணத்தைக் கழித்தபின் எஞ்சும் தொகைக்கே வரி. 2025 ஏப்ரல் 1 முதலான வீதங்கள்:

முதல் 1,000,000 ரூபாவுக்கு: 6%
அடுத்த 500,000 ரூபாவுக்கு: 18%
அடுத்த 500,000 ரூபாவுக்கு: 24%
அடுத்த 500,000 ரூபாவுக்கு: 30%
மீதிக்கு: 36%

வருமானம் கூடக்கூட வரி வீதமும் கூடுவதால் இது வளர்விகித வரி எனப்படும். உயர்ந்த வீதம் அந்தப் படிக்குள் வரும் தொகைக்கு மட்டுமே உரியது, முழு வருமானத்துக்கும் அல்ல. மாணவர்கள் அதிகமாகப் புள்ளி இழப்பது இவ்விடத்திலாகும்.

5. வெளிநாட்டு நாணயமாக வரும் வருமானம்

வெளிநாட்டிலுள்ளவர்களுக்கு வழங்கிய சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் பெற்று, வங்கி மூலம் இலங்கைக்குக் கொண்டுவரும் வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரி விலக்களிப்பு இருந்தது. “யூரியூப் பணத்துக்கு வரி இல்லை” என்ற பேச்சு இந்தக் காலத்தைச் சேர்ந்ததாகும். 2025 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவ்விலக்களிப்பை நீக்கியது. 2025 ஏப்ரல் 1 முதல் அவ்வருமானம் வரிக்குரியது. ஆயினும் அதற்கான உச்ச வீதம் 15% ஆகும்.

“உச்ச” என்ற சொல்லைக் கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள். எடுத்தவுடன் 15% கழிக்கப்படுவதில்லை. வேறு வருமானம் இல்லாத ஒருவருக்கு முதலில் 1,800,000 ரூபா நிவாரணம் கழியும். எஞ்சியதில் முதல் 1,000,000 ரூபாவுக்கு 6% மட்டுமே. அதற்கு மேலுள்ள தொகைக்கே 15%. 18%, 24%, 30%, 36% என்ற படிகள் இவ்வருமானத்துக்கு வருவதில்லை.

இச்சலுகைக்கு நிபந்தனை உண்டு. பணம் வங்கி மூலம் நாட்டுக்குள் வரவேண்டும். உண்டியல் மூலம் பெறுபவருக்கு இந்த 15% எல்லை கிடையாது.

இன்னொரு விடயமும் உண்டு. அமெரிக்காவிலுள்ள பார்வையாளர்கள் மூலம் வந்த யூரியூப் வருமானப் பகுதியில் கூகிள் நிறுவனம் அமெரிக்க வரியைக் கழிக்கின்றது. இந்நடைமுறை 2021 இல் ஆரம்பித்தது. அலைவரிசை உரிமையாளர் தனது வரி விபரப் படிவத்தைக் கூகிளுக்குச் சமர்ப்பிக்க வேண்டும். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருப்பதால், படிவத்தைச் சரியாக நிரப்பியவருக்குக் குறைந்த வீதமே கழிக்கப்படும். படிவம் கொடுக்காதவர் கூடுதலாக இழக்க நேரிடும்.

6. கணிப்பு உதாரணங்கள்

உதாரணம் 1
அ என்பவர் சமையற் காணொளி மூலம் செலவு போக மாதம் 90,000 ரூபா பெறுகின்றார். வேறு வருமானம் இல்லை.
ஆண்டு வருமானம் 90,000 × 12 = 1,080,000 ரூபா. இது 1,800,000 ரூபாவிலும் குறைவு. வரி இல்லை.

உதாரணம் 2
ஆ என்பவருக்கு யூரியூப் மூலம் வங்கிக்கு வந்த ஆண்டு வருமானம் 3,600,000 ரூபா. அனுமதிக்கத்தக்க செலவு 600,000 ரூபா.
இலாபம்: 3,600,000 – 600,000 = 3,000,000
நிவாரணம் கழித்தபின்: 3,000,000 – 1,800,000 = 1,200,000
முதல் 1,000,000 × 6% = 60,000
மீதி 200,000 × 15% = 30,000
செலுத்தவேண்டிய வரி 90,000 ரூபா.
ஆ இன் கைக்கு வந்த மொத்தப் பணத்துடன் ஒப்பிட்டால் இது 2.5% ஆகும். “15% போய்விடும்” என்ற பேச்சு எவ்வளவு தவறானது என்பதைக் காண்க.

உதாரணம் 3
இ என்பவர் தனியார் நிறுவனமொன்றில் மாதம் 125,000 ரூபா சம்பளம் பெறுகின்றார். மாலை வேளைகளில் கணிதக் காணொளி செய்து செலவு போக மாதம் 50,000 ரூபா பெறுகின்றார்.
சம்பளம்: 125,000 × 12 = 1,500,000
காணொளி: 50,000 × 12 = 600,000
மொத்தம்: 2,100,000
நிவாரணம் கழித்தபின்: 300,000
வரி: 300,000 × 6% = 18,000 ரூபா.

உதாரணம் 3 ஐ மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். சம்பளம் மட்டும் எல்லைக்குள் உள்ளது. காணொளி வருமானமும் எல்லைக்குள் உள்ளது. இரண்டையும் கூட்டும்போதே எல்லை தாண்டுகின்றது. சம்பளம் மாதம் 150,000 ரூபாவைத் தாண்டாதபடியால் தொழில்தருநர் சம்பளத்தில் வரி கழிப்பதில்லை. கூகிளும் இலங்கை அரசுக்காக எதையும் கழிப்பதில்லை. ஆகவே கணக்குப் பார்த்துச் செலுத்தும் பொறுப்பு முழுவதும் இ மீதே விழுகின்றது. சமூக ஊடகத்தில் உழைப்பவர்களிற் பலர் தாமறியாமல் தவறு விடுவது இங்கேயாகும். நிவாரணம் ஓர் ஆளுக்கு ஒரு முறைதான், ஒவ்வொரு வருமானத்துக்கும் தனித்தனியாக அல்ல.

7. எச்செலவைக் கழிக்கலாம்?

வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். தனது சொந்த வாழ்க்கைக்கான செலவைக் கழிக்க முடியாது.

கழிக்கத்தக்கவை: காணொளிக்காகப் பயன்படுத்திய இணையக் கட்டணம், காணொளி தொகுப்பவருக்குக் கொடுத்த கூலி, படப்பிடிப்புக்கான பயணச் செலவு.
கழிக்க முடியாதவை: வீட்டுச் சாப்பாட்டுச் செலவு, தம்பியின் பாடசாலைச் செலவு, குடும்பச் சுற்றுலா.

கணினி போன்ற உபகரணம் மூலதனச் சொத்தாகும். அதன் விலை முழுவதையும் வாங்கிய ஆண்டிலேயே செலவாகக் கழிப்பதில்லை. 5 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து மூலதனக் கழிவாகக் கோரலாம். நீங்கள் கணக்கீட்டிற் படித்த நேர்கோட்டு முறைப் பெறுமானத் தேய்வை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 250,000 ரூபாவுக்கு வாங்கிய கணினிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபா வீதம் கழிக்கலாம்.

ஒரே இணைய இணைப்பை வீட்டாரும் பயன்படுத்துவார்களாயின் வேலைக்குரிய பங்கை மாத்திரமே கழிக்க வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை நிறுவ முடியாது. எனவே பற்றுச்சீட்டைக் கிழித்தெறியும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

8. உழைப்பவரின் கடமைகள்

(1) பதிவு செய்தல்: 18 வயதைப் பூர்த்தி செய்தவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெறவேண்டும் என்ற விதி 2024 இல் நடைமுறைக்கு வந்தது. பதிவு இலவசமானது. இணையத்தளத்திலோ பிராந்திய அலுவலகத்திலோ பதியலாம். இலக்கம் பெற்றவர் எல்லோரும் வரி கட்டவேண்டும் என்பதில்லை. எல்லையைத் தாண்டிய வருமானம் உள்ளவரே கட்டவேண்டும்.

(2) கணக்கு வைத்தல்: வந்த திகதி, தந்தவர், தொகை, செலவு என்பவற்றைப் பதிய வேண்டும். வெளிநாட்டு நாணயமாயின் வங்கி எந்த மாற்று வீதத்தில் ரூபாவாக வரவு வைத்தது என்பதையும் குறிக்க வேண்டும்.

(3) தவணைகளிற் செலுத்துதல்: வியாபார வருமானத்துக்கான வரியை உத்தேசமாகக் கணித்து ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் நான்கு தவணைகளாகச் செலுத்த வேண்டும். குறை ஏதும் இருப்பின் செப்டெம்பர் 30 இற்குள் செலுத்தி முடிக்க வேண்டும்.

(4) விபரத்திரட்டுச் சமர்ப்பித்தல்: வரி மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31 இல் முடிந்தபின், அதே ஆண்டு நவம்பர் 30 இற்கு முன் சமர்ப்பிக்க வேண்டும்.

(5) முன்னரே கழிக்கப்பட்ட வரியைக் காட்டுதல்: உள்ளூர் நிறுவனம் விளம்பரத் தோற்றத்துக்காகக் கட்டணம் செலுத்தும்போது, குறித்த எல்லைக்கு மேற்படின் 5% நிறுத்திவைத்தல் வரியைக் கழித்துக்கொண்டு கொடுக்கும். இது இறுதி வரி அல்ல. அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெற்று, ஆண்டு இறுதியிற் செலுத்தவேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். சான்றிதழைப் பெறாதவர் ஒரே பணத்துக்கு இருமுறை வரி கட்டியவராவார்.

தாமதித்தால் தண்டப்பணமும் வட்டியும் சேரும். ஒருமுறை வரி கட்டத் தவறியவர் அடுத்த ஆண்டும் பயத்தினால் மறைப்பார். தொகை பெருகிக்கொண்டே போகும். சிறிய தொகையாக இருக்கும்போதே தீர்ப்பதுதான் இலகுவானது.

மாணவராகிய உங்களுக்கு: 18 வயதுக்கு முன் உங்கள் பெயரில் விளம்பரப் பணக் கணக்குத் திறக்க முடியாது. ஆகவே உங்கள் அலைவரிசையின் பணம் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் பெயரிலுள்ள கணக்குக்கே வரும். அக்கணக்கில் வந்த பணத்தைப் பற்றிய கேள்வியும் அவரிடமே முதலில் கேட்கப்படும். அப்பாவின் வங்கிக் கணக்கில் எவ்வளவு, ஏன் வந்தது என்பதை அப்பாவுக்குத் தெரியப்படுத்துவது உங்கள் கடமை.

9. ஏன் செலுத்த வேண்டும்?

பொருளியலறிஞர் அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட நூலில் சிறந்த வரிக்குரிய நான்கு விதிகளைக் கூறினார். அவை சமத்துவம், நிச்சயத்தன்மை, வசதி, சிக்கனம் என்பனவாகும். சமத்துவம் என்பது அவரவர் இயலுமைக்கேற்பச் செலுத்துவதாகும். மாதம் 300,000 ரூபா சம்பளம் பெறும் தாதியின் சம்பளத்தில் மாதந்தோறும் வரி கழிக்கப்படுகின்றது. அதே தொகையைக் காணொளியில் உழைப்பவர் எதுவும் கட்டாமல் விட்டால் பாரம் தாதியின்மீது கூடும். அவ்வாறாயின் சமத்துவம் எங்கே?

எமது நாட்டின் அண்மைக்கால அனுபவமும் இதையே காட்டுகின்றது. 2020 ஜனவரி முதல் தனிநபர் நிவாரணம் 3,000,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பெறுமதி சேர் வரியும் குறைக்கப்பட்டது. 2021 இல் அரசாங்க வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8% அளவுக்கு இறங்கியது. கொவிட் பெருந்தொற்றும் வேறு காரணங்களும் சேர, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை அரசாங்கம் இடைநிறுத்தியது. எரிவாயு வரிசையும் பலமணிநேர மின்வெட்டும் உங்களுக்கு நினைவிருக்கும். தாள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைப் பரீட்சைகளும் தடைப்பட்டன. வரி வருமானக் குறைவு அந்நெருக்கடியின் ஒரே காரணம் அல்ல, முக்கிய காரணங்களில் ஒன்று.

நீங்கள் படிக்கும் பாடநூல் இலவசமாக வந்தது. அச்செலவு பொது நிதியிலிருந்து வந்ததாகும்.

வரி செலுத்துபவருக்கு உரிமைகளும் உண்டு. கணிப்புக்கான காரணத்தைக் கேட்கலாம். தவறான மதிப்பீட்டுக்கு எதிராக மேன்முறையீடு செய்யலாம். கூடுதலாகக் கட்டியதை மீளக் கோரலாம். தன் பணம் எவ்வாறு செலவிடப்படுகின்றது என்று கேட்பதும் குடிமகனின் உரிமையே. கணக்கு வைத்திருப்பவரின் கேள்விக்கே வலு அதிகம்.

10. நினைவிற் கொள்ளவேண்டியவை

• சமூக ஊடக வருமானம் பொதுவாக வியாபார வருமானம்.
• எல்லா வருமானங்களையும் கூட்டிய பின்னரே நிவாரணம் கழிக்கப்படும்.
• 15% என்பது வெளிநாட்டு நாணயச் சேவை வருமானத்துக்கான உச்ச வீதம். ஆரம்ப வீதம் 6%.
• பொருளாகப் பெற்றதும் வருமானமே.
• பதிவு வேறு, வரி செலுத்தல் வேறு.
• வீதங்களும் நிவாரணமும் பாராளுமன்றம் ஆக்கும் சட்டத்தினால் மாற்றப்படலாம். விடையில் எந்த ஆண்டுக்குரிய வீதம் என்பதைக் குறிப்பிடுக.

பயிற்சி வினாக்கள்

1. நேர் வரி, நேரில் வரி ஆகியவற்றை ஒவ்வோர் உதாரணத்துடன் வேறுபடுத்துக.
2. “யூரியூப் வருமானத்துக்கு வரி இல்லை.” இக்கூற்று 2025 ஏப்ரல் 1 இன் பின்னர் ஏன் பொருந்தாது?
3. ஈ என்பவரின் 2025/2026 ஆம் ஆண்டுக்கான, வங்கி மூலம் வந்த வெளிநாட்டு நாணயச் சேவை வருமானம் செலவு போக 4,800,000 ரூபா. வேறு வருமானம் இல்லை. (அ) வரியைக் கணிக்க. (ஆ) அதே வருமானம் முழுவதும் உள்ளூரிற் பெற்றதாயின் வரி எவ்வளவு?
4. புடைவைக் கடையொன்று காணொளிக்காக 40,000 ரூபா பெறுமதியான சேலையைக் கொடுத்தது. இது வருமானமா? காரணம் தருக.

வினா 3 இற்கான விடை
நிவாரணம் கழித்தபின்: 4,800,000 – 1,800,000 = 3,000,000 ரூபா
(அ) 60,000 + (2,000,000 × 15%) = 60,000 + 300,000 = 360,000 ரூபா
(ஆ) 60,000 + 90,000 + 120,000 + 150,000 + 180,000 = 600,000 ரூபா

ஏனைய வினாக்களுக்கான விடைகளை உங்கள் சொந்த வசனங்களில் எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டில் இவ்வாறு உழைப்பவர் ஒருவர் இருந்தால், அவரது கடந்த 12 மாத வருமானத்தையும் செலவையும் அவருடன் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எல்லைக்குள் இருந்தால் அவர் நிம்மதியாக இருக்கலாம். தாண்டியிருந்தால் அடுத்த தவணைத் திகதியை அவருக்கு நினைவூட்டுங்கள்.